அப்பாவின் துப்பாக்கியும் பேக்கர்ஸ் லாரியும்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு நம்மூர் நண்பர் ஒருவர் ஃபோன் செய்தார். அவரும் என்னைப் போலவே டிரான்ஸ்ஃபரில் குவாலியருக்கு வந்து சேர்ந்தவர்தான். தென்காசிப் பக்கம் இருக்கும் தாத்தா வீட்டை விற்கிறார்களாம். பாத்திரம் பண்டம், ஊஞ்சல், தேக்குக் கட்டில் எல்லாம் லாரியில் இங்கே வருகிறது. "சார், தாத்தாவோட துப்பாக்கி ஒண்ணு பரண்ல இருக்கு. லைசென்ஸெல்லாம் உண்டு. அதையும் சாமானோட ஏத்திடலாம்ல?" என்று கேட்டார்.

"தாத்தா இருக்காரா?" என்றேன்.

"அவர் போய் மூணு வருஷம் ஆச்சே சார்."

"அப்போ லைசென்ஸும் போய் மூணு வருஷம் ஆச்சு. லாரியில ஏத்தாதீங்க. வீட்ல யாரையும் தொட விடாதீங்க. காலைல பேசுவோம்" என்று சொல்லி வைத்தேன். மனுஷன் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டார். நானும் தூங்கவில்லை. காரணம், இதே கேள்வியை 2022-ல் கேட்டவன் நான். கேட்டதோடு நிற்காமல் லாரி வரைக்கும் போனவன்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். மலையை ஒட்டி வயல். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு ராத்திரியில் ஒரு போக உழைப்பு போய்விடும். அதற்காக அப்பா வைத்திருந்தது ஓர் ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி. பன்றியை அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து குழலைத் துடைப்பார். அந்த எண்ணெய் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா சைக்கிளில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு போவார், ரசீது வாங்கி வருவார். ரிசல்ட் வந்த பிறகு போய் எடுத்து வருவார். சட்டசபை, பாராளுமன்றம், பஞ்சாயத்து என்று அத்தனை ரசீதும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. பி.காம். படித்த எனக்குக்கூட அந்த ஃபைலிங் வராது.

2022 ஜனவரியில் அப்பா தவறினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் எங்களோடு கூட்டி வர முடிவு செய்தோம். பேக்கர்ஸ் ஆட்கள் வந்து ஒவ்வொரு சாமானாக லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள். பீரோவுக்குப் பின்னால் துப்பாக்கி சாய்ந்து நின்றது.

"மாப்ள, மெத்தைக்குள்ள வச்சுச் சுத்திரு. யாருக்குத் தெரியப் போவுது" என்றார் அத்தான். லிஸ்ட் எழுதிய பையன் இன்னும் கெட்டிக்காரன். "கட்டில் ராடுன்னு போட்டுக்கலாம் சார்" என்றான்.

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் தலையாட்டிவிட்டேன். எங்கள் கிளையில் செக்யூரிட்டி கார்டு வைத்திருக்கும் பேங்க் துப்பாக்கிக்கு லைசென்ஸ் ரினீவல் தேதி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆனால் அப்பாவின் துப்பாக்கி என்றதும் அது ஆயுதமாகவே தோன்றவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி மாதிரி அதுவும் ஒரு சாமான்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "எய்யா, உங்கப்பா ஒரு தடவ கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டே போயி இத ஸ்டேசன்ல குடுத்துட்டு வந்தாக. காய்ச்சல்ல நாலு நாளு கெடந்தாக. ரசீது இல்லாம இது இந்த வீட்டு வாசலத் தாண்டுனதே இல்ல. நீ ராடுன்னு எழுதி அனுப்பப் போறியோ?"

அத்தோடு பேச்சு நின்றது. லாரி துப்பாக்கி இல்லாமல் கிளம்பியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதற்கப்புறம் நான் படித்தும் கேட்டும் அலைந்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரே வரியில் சொல்வதானால், நம் நாட்டில் துப்பாக்கியை 'அனுப்ப' முடியாது. லைசென்ஸ் உள்ள ஆள்தான் போக வேண்டும். துப்பாக்கி அவர் கூடப் போகும்.

பேங்க் பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். லாக்கர் சாவி கையில் இருப்பதாலேயே லாக்கரைத் திறக்கும் உரிமை வந்துவிடாது. அதே மாதிரி, அப்பாவின் சொத்து வாரிசுக்கு வரும். அப்பாவின் லைசென்ஸ் வராது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் என்பது ஓர் ஆளுக்குக் கொடுத்த அனுமதி. அவர் உயிரோடு இருக்கும்போது ரிப்பேருக்கோ ரினீவலுக்கோ அவர் எழுத்தில் கொடுத்தால் லைசென்ஸ் இல்லாத இன்னொருவர் கொண்டு போகலாம், சட்டத்தில் இடம் உண்டு. அவர் போன பிறகு அந்தக் கையெழுத்துக்கும் உயிர் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 வருஷம் வரை சிறை, கூடவே அபராதம். மெத்தைக்குள் சுற்றியிருந்தால் யார் பெயரில் கேஸ் வந்திருக்கும்? என் பெயரிலும், ஒன்றும் தெரியாத லாரி டிரைவர் பெயரிலும்.

முதல் வேலை, ஒப்படைப்பது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ டெபாசிட் செய்ய வேண்டும். அதே சட்டத்தின் 21-வது பிரிவு. நான் முதலில் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து கூடவே அழைத்துப் போனார். ரைட்டர் குழலில் இருந்த நம்பரை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். மீதமிருந்த ஏழு தோட்டாக்களையும் எண்ணி எழுதினார். "முப்பது நாப்பது வருசமா உங்கப்பா வருவாரு. நீங்க இன்னிக்குத்தான் வாரீக" என்று சொல்லி ரசீதைக் கொடுத்தார். அங்கே அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

டெபாசிட் செய்துவிட்டோமே என்று சும்மா இருக்கவும் கூடாது. அதற்குக் கெடு உண்டு. கெடுவுக்குள் லைசென்ஸோடு வந்து மீட்காமலும் விற்காமலும் விட்டால் மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவில் அரசுக்குப் போய்விடும். 10 வருஷம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறதே, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம், அங்கே பிறகும் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது வேலை, வாரிசு லைசென்ஸ். நான் வசிப்பது குவாலியர், அதனால் இங்கே விண்ணப்பம். தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ், அம்மாவும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிய அஃபிடவிட், அப்பாவின் லைசென்ஸ், ஸ்டேஷன் ரசீது, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, எல்லாவற்றுக்கும் மேலே போலீஸ் விசாரணை.

இந்தப் பிரதேசத்தில் துப்பாக்கி லைசென்ஸ் என்றால் திருப்பதி தரிசனம் மாதிரி க்யூ. கல்யாண ஊர்வலத்தில் தோளில் துப்பாக்கி இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதை இல்லை என்று நினைக்கிற ஊர். பக்கத்து சிவபுரி மாவட்டத்தில் 2008-ல், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளும் ஆண்களுக்கு லைசென்ஸில் முன்னுரிமை என்றார்கள். குவாலியரில் 2019-ல், 10 மரக்கன்று நட்டு செல்ஃபி காட்டினால்தான் விண்ணப்பம் நகரும் என்றார் கலெக்டர். அப்படிப்பட்ட ஊர் ஆபீஸில் நான் போய் நின்றதும் கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "மதராஸிக்கு பந்தூக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

சிரிக்காதவர் வீட்டில் இருந்தார். தங்கமணி. "பிளாட்ல எந்தப் பன்னி வந்து பயிரை மேயுது? வீட்ல வயசுப் பையன் இருக்கான், அது ஞாபகம் இருக்கா?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கடைசியில் அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஒரு தோட்டாகூட இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. துப்பாக்கி இருக்கும் அலமாரிச் சாவி அவளிடம். இரண்டையும் ஒத்துக்கொண்டேன். ஏழு தோட்டாக்களும் ஊரிலேயே லைசென்ஸ் உள்ள வியாபாரிக்குப் போயின.

14 மாதம் கழித்து, 2023 மார்ச்சில் லைசென்ஸ் கைக்கு வந்தது. மூன்றாவது வேலை, கொண்டு வருவது.

லைசென்ஸில் அது எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஒரு மாநிலத்துக்கு மட்டும் என்றால் வழியிலுள்ள மாநிலங்களுக்கு எழுத்தில் அனுமதி வாங்காமல் ரயில் ஏறக்கூடாது. நான் வாங்கினேன். ஊர் ஸ்டேஷனில் லைசென்ஸைக் காட்டி, ரசீதைத் திருப்பிக் கொடுத்துத் துப்பாக்கியைப் பெற்றேன். குழல், கட்டை, முன்பிடி என்று மூன்றாகக் கழற்றி உறையில் போட்டுப் பூட்டினேன். சென்னையில் வண்டி மாறி கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். நாக்பூர் தாண்டும் வரை கண்ணை மூடவில்லை. ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் கேட்டார், காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "அப்பாவோடதா?" என்றார். "ஆமாம்" என்றேன். குவாலியர் வந்ததும் லைசென்ஸ் ஆபீஸில் துப்பாக்கியைக் காட்டி நம்பரைப் பதிந்துகொண்டேன்.

விமானத்திலும் கொண்டு வரலாம். கைப்பையில் இல்லை, செக்-இன் லக்கேஜில், குண்டு இல்லாமல், கவுன்டரிலேயே சொல்லி, அசல் லைசென்ஸைக் காட்டி. முன்கூட்டியே விமானக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாமே போக முடியாவிட்டால் லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரி மூலமாக, அதற்குரிய டிரான்ஸ்போர்ட் காகிதங்களோடு வரவழைக்க வேண்டும். தபால், கூரியர், பஸ் பார்சல், பேக்கர்ஸ் லாரி, 'தெரிஞ்ச பையன் கார்ல வரான்' இதெல்லாம் வழியே இல்லை.

வேண்டவே வேண்டாம் என்றால் விற்றுவிடலாம். வியாபாரிக்கோ, லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கோ கொடுக்கலாம். தனி ஆளுக்குக் கொடுப்பதானால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழியவேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதிப் பேருக்கு அதுதான் சரியான முடிவு.

நான் வருந்துவது ஒன்றுக்குத்தான். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு லைசென்ஸ் கேட்டு மனுப்போடலாம் என்று 2016 விதிகளிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு அப்போதே 70. நான் வருஷா வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். நாமினேஷன் போட்டீங்களா என்று எத்தனை கஸ்டமரிடம் கேட்டிருப்பேன்! அவரிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவர் கையாலேயே எனக்குக் கொடுத்திருப்பார். ஆகவே ஊரில் துப்பாக்கியோடு பெரியவர்கள் இருப்பவர்கள், இந்த லீவில் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்.

காலையில் நண்பருக்கு இத்தனையும் சொன்னேன். மூன்று வருஷத் தாமதம் ஆனதால் முதலில் ஒரு வக்கீலைப் பார்த்து, அவரோடு போய் ஒப்படைக்கச் சொன்னேன். நேற்று ரசீதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

2023 நவம்பரில் இங்கே சட்டசபைத் தேர்தல் வந்தது. துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"ரசீது வாங்குனியாய்யா?"

கொடுத்தேன். இந்தி எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, வெறும் பேங்க்காரன். விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன்னால் உங்கள் மாவட்ட லைசென்ஸ் ஆபீஸில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.