தோற்றவர் முடி சூடிய இரவு

ஜப்பானுக்குப் போகிறவர்கள் புஜி மலையைப் பார்ப்பார்கள். கடைத்தெருவில் பட்டுக் கிமோனோவைத் தொட்டுப் பார்த்து, விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் டோக்கியோ நகரத்தின் நடுவே பிரம்மாண்டமான முட்டை ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆமாம், முட்டைதான்! ஸுய்தோபாஷி ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் வெள்ளை வெளேரென்று கண்ணில் படும். 1988-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட இந்த டோக்கியோ டோமுக்கு 'பெரிய முட்டை' என்றே செல்லப் பெயர். உள்ளே ஒரு நகரத்தையே உட்கார வைக்கலாம் போல் இருக்கும். ஆனால் கூரையைத் தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது! வெளியே இருப்பதைவிட 0.3 சதவிகிதம் அதிகமான அழுத்தத்தில் உள்ளே காற்றை நிரப்பி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி இழையால் நெய்த கூரையை அந்தக் காற்றுதான் தூக்கிப் பிடிக்கிறது. காற்று ஓடிவிடாமல் இருக்கத்தான் வாசலில் சுழல் கதவுகள்.

பக்கத்திலேயே 1629-இல் அமைக்கத் தொடங்கிய கொய்ஷிகாவா கொராகுவென் என்ற தோட்டம். குளமும் பாலமும் மரநிழலுமாக அங்கே ஒரே நிசப்தம். முட்டைக்குள்ளேயோ பேஸ்பால் ரசிகர்களின் ஆரவாரம். ஆனால் 1997 முதல் 2006 வரை, வருஷக் கடைசியில் ஓர் இரவு மட்டும் பேஸ்பாலுக்குப் பதில் நடுவே கயிறு கட்டிய கோதா முளைத்துவிடும். கே-1 என்னும் கிக் பாக்ஸிங் பந்தயத்தின் இறுதி இரவு அது.

"குத்துச் சண்டையா? ஐயோ, வேண்டாம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சண்டையைவிடச் சுவாரசியமான ஒரு நியாயப் பிரச்னை இதில் இருக்கிறது. கொஞ்சம் கேளுங்கள்.

கிக் பாக்ஸிங்கில் கையுறை மாட்டிய கைகளால் குத்தலாம், காலால் உதைக்கலாம், முழங்காலாலும் இடிக்கலாம். கஸுயோஷி இஷீ என்ற கராத்தே ஆசிரியர் 1993-இல் கே-1 பந்தயத்தைத் தொடங்கினார். உலகத்திலேயே வல்லவர் என்று பெயரெடுத்த எட்டுப் பேரை ஒரே இரவில் மோதவிடுவார்கள். எட்டுப் பேர் நால்வராகி, நால்வர் இருவராகி, கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். ஆகவே பட்டம் வேண்டுமென்றால் ஒரே ராத்திரியில் மூன்று பேரை ஜெயித்தாக வேண்டும். கல்யாண வீட்டில் மூன்று பந்திக்கும் ஒரே ஆள் பரிமாறுவது போலத்தான். முதல் பந்தியிலேயே ஓடியாடிக் களைத்துவிட்டால் மூன்றாம் பந்திக்கு இடுப்பு நிமிராது அல்லவா?

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஜெயித்தவர் காயத்தால் அடுத்த சண்டைக்கு வர முடியாவிட்டால், அவரிடம் தோற்றவரே அவர் இடத்துக்கு வரலாம்!

2002-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி. அன்று டோமில் கூடியவர்கள் 70,000-க்கும் மேல் என்று அறிவித்தார்கள். எட்டு வீரர்களில் ஒருவர் ஹாலந்து தேசத்து எர்னெஸ்டோ ஹோஸ்ட். வயது 37. 1993-இல் முதல் பந்தயத்தின் இறுதிச் சண்டை வரை வந்து தோற்றவர். பிறகு 1997, 1999, 2000 ஆகிய மூன்று வருஷங்களில் பட்டம் வென்றவர்.

அவருக்கு எதிரே அமெரிக்காவின் பாப் ஸாப். அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டுச் சண்டைக்கு வந்தவர். எடை 150 கிலோவுக்கு மேல்! இரண்டு மாதத்துக்கு முன் ஸைத்தாமாவில் நடந்த தகுதிச் சுற்றில் இதே ஸாப்பிடம் ஹோஸ்ட் தோற்றுப் பந்தயத்தை விட்டே போயிருந்தார். செம்மி ஷில்ட் என்ற வீரருக்குக் காயம் ஏற்பட்டதால் அவருக்குப் பதிலாகத்தான் ஹோஸ்டை மறுபடி அழைத்தார்கள். வந்தவருக்கு முதல் சண்டையே மீண்டும் ஸாப்போடு!

ஹோஸ்ட் தம் வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தார். மலை போன்ற அந்த மனிதரை ஒரு தடவை கீழே விழவும் வைத்தார். ஆனால் இரண்டாம் சுற்றில் ஸாப் அவரைக் கயிற்றோரம் ஒதுக்கி மாரிக்கால இடி போலக் குத்துகளைப் பொழிந்தார். நடுவர் சண்டையை நிறுத்தினார். ஹோஸ்டின் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை! அவ்வளவு குத்துக் குத்திய ஸாப்பின் கை எலும்பு முறிந்திருந்தது. அவரால் தொடர முடியாது என்றானதும், தோற்ற ஹோஸ்ட் மறுபடியும் மேடை ஏறினார். நியூஜிலாந்தின் ரே செஃபோ காலில் அடிபட்டு விலக, ஹோஸ்ட் இறுதிச் சண்டைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே காத்திருந்தவர் பிரான்ஸின் ஜெரோம் லெ பானர். இடது கைக் குத்துக்குப் பேர்போனவர். ஹோஸ்ட் அவர் தலையைத் தேடி அலையவில்லை. தச்சர் ஒரே இடத்தில் உளியை வைத்துத் தட்டுவது போல, அந்த இடது கை மீதே உதைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் கை ஒடிந்தது. லெ பானர் விழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். ஒடிந்த கையோடு சண்டை போட்டார். மறுபடி விழுந்தார். அத்துடன் முடிந்தது. நான்காம் முறையாகப் பட்டம் ஹோஸ்டுக்கு!

இது நியாயமா? ஒரே மனிதரிடம் இரண்டு மாதத்தில் இரண்டு முறை தோற்றவருக்கு உலகப் பட்டமா? உங்களில் பலர் 'கூடாது' என்றுதான் சொல்வீர்கள். ஒடிந்த கையைப் பார்த்தும் சண்டையை நடக்க விடுவது விளையாட்டா என்றும் கேட்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கும் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. ஜனங்களின் கைதட்டலுக்காக ஒரு தாய் பெற்ற பிள்ளையின் கை முறிய வேண்டுமா?

ஆனால் பட்டத்தின் விஷயத்தில் நான் ஹோஸ்டின் கட்சி. அந்த இரவு கேட்ட கேள்வி 'யார் பலசாலி?' என்பது மட்டும் அல்ல. 'மூன்றாம் சண்டைக்கு யார் முழுசாக மிஞ்சுவார்?' என்பதும்தான். ஸாப் தம் பலம் முழுவதையும் முதல் பந்தியிலேயே பரிமாறிவிட்டார். ஹோஸ்டோ அடி வாங்கியும் தம் கை கால்களைக் காப்பாற்றி வைத்திருந்தார். கதவு இரண்டாம் தடவை திறந்தபோது, வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அதிர்ஷ்டம் அவரைக் கூப்பிட்டது உண்மை. ஆனால் எழுந்து போனது அவருடைய கால்கள்தானே?

2006-க்குப் பிறகு அந்த இறுதி இரவு யோகோஹாமாவுக்கு இடம் மாறியது. அதே 2006-இல், அதே டோமில்தான் ஹோஸ்டும் ஓய்வை அறிவித்துவிட்டு விடைபெற்றார்.

நீங்கள் டோக்கியோவுக்குப் போனால், ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்காவது அந்த முட்டைக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே வரும்போது புடவைத் தலைப்பை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடைபட்ட காற்று உங்களைப் பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளி வாசலுக்கு வெளியே விட்டுவிடும்!

அதுவரை, இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் வீட்டில் இந்த வழக்கை விசாரியுங்கள். நீங்கள் நடுவராக இருந்தால் பட்டத்தை யாருக்குக் கொடுப்பீர்கள்?