ரெண்டு பிஎஸ்ஐ கூட்டி விடுங்கண்ணே!

சிங்கப்பூரின் உயரமான குன்று புக்கித் தீமா. அதன் உச்சியே 164 மீட்டரைத் தாண்டாது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு லாரி முனகிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தட்டை ஊரில் லாரிக்கு இழுவை போதவில்லை என்ற பேச்சே வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஞாயிறு மாலை தேக்கா பக்கம் கூடும் தமிழக ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தின் ஏற்றத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். கம்பியும் சிமெண்டும் ஏற்றிய 14 அடி லாரி அங்கே மூச்சு வாங்குகிறது. பின்னால் கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான். சைட்டிலிருந்து முதலாளி போனில் கத்துகிறார்.

அப்படி ஒரு லாரியோடு நானும் காக்கி புக்கிட் போனேன். வண்டி மாடிவரை ஏறிச் செல்லும் தொழிற்பேட்டைக் கட்டடம். ஒவ்வொரு தளத்திலும் வரிசையாக ஒர்க்‌ஷாப். மெக்கானிக்குக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். நாமக்கல்லில் லேலண்ட் லாரிகளைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர். மன்னார்குடிக்கார ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கும்போதே கேட்டுவிட்டார்: “அண்ணே, டர்போவுல ரெண்டு பிஎஸ்ஐ கூட்டி விடுங்கண்ணே.”

“இருக்க வேண்டியது மொதல்ல இருக்கான்னு பாப்போம் தம்பி.”

வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது டர்போ. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை. சிறு லாரி டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அழுத்தம் எல்லை தாண்டாமல், மிஞ்சிய புகையைச் சக்கரத்துக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் சின்னக் கதவுக்கு வேஸ்ட்கேட் என்று பெயர். அதை இழுக்கும் கம்பியின் நீளத்தைக் குறைத்தால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் எனப்படும் அந்தக் காற்றழுத்தம் ஏறும். பிஎஸ்ஐ அதன் அளவு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

மெக்கானிக் அந்தக் கம்பியின் பக்கமே போகவில்லை. காற்றுக்குழாயில் ஒரு மீட்டரை இணைத்து, வண்டியை லோடோடு ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். மேனுவலில் போட்டிருப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் முள் நின்றுவிட்டது.

அடுத்து அவர் செய்தது பார்க்க அழகான வேலை. டர்போவின் வாயை, பிவிசி மூடியில் வால்வு பொருத்தித் தானே செய்துகொண்ட அடைப்பானால் மூடினார். கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டரில் குறைத்து 15 பிஎஸ்ஐ மட்டும் உள்ளே விட்டார். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, டர்போவிலிருந்து, சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களின் மேல் தெளித்தார். இன்டர்கூலரின் கீழ் முனையில், கிளிப்புக்கு அடியில், நுரை பொங்கியது. ஹோஸை வளைத்துக் காட்டினார்: வெளியே தெரியாத வெடிப்பு, அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுபிசுப்பில் தூசு அப்பிக் கிடந்தது. டர்போ அழுத்திக் கொடுத்த காற்று எஞ்சினுக்குப் போகாமல் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கைப்பம்பால் வேஸ்ட்கேட் டயஃப்ரத்துக்கு அழுத்தம் கொடுத்து, கம்பி எந்த அளவில் நகரத் தொடங்குகிறது என்று பார்த்தார். அது சரியாகவே இருந்தது. கம்ப்ரஸர் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். பக்கவாட்டில் இம்மி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடக்கூடாது, இறக்கை கூட்டில் உரசவும் கூடாது.

சரி, எல்லாம் நன்றாக இருக்கிற வண்டியில் பூஸ்ட்டைக் கூட்டினால்தான் என்ன? டீசல் எஞ்சினில் சக்தி தருவது எரிபொருள். காற்றை மட்டும் கூட்டினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை, கூடவே புகையின் சூடு. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். எண்ணெய் பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. காற்றை அழுத்தினாலே சூடேறும். 30 டிகிரி வெயிலில், 70 சதவீதத் திறனுள்ள டர்போ 1 பார் அழுத்தினால் காற்று ஏறக்குறைய 125 டிகிரிக்குப் போகும். 1.5 பார் என்றால் 160. இன்டர்கூலரில் சேறும் எண்ணெயும் அடைத்திருந்தால் அந்தச் சூடு அப்படியே உள்ளே இறங்கும். 1 பாரிலிருந்து 1.5 பாருக்குப் போனால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கால் பங்கு கூடும். அதைத் தாங்க வேண்டியது பல வருடம் உழைத்த ஹெட் கேஸ்கட்.

ஆகவே கூட்டியே தீர வேண்டும் என்றால் வரிசை இது: முதலில் கசிவு, பிறகு இன்டர்கூலர், ஃபில்டர், நாசில். அடுத்து, டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டை அளக்கும் மீட்டர், பூஸ்ட் மீட்டர். அதற்கும் பிறகுதான் கம்பி. அதுவும் அரைச் சுற்று, சோதனை ஓட்டம், மறுபடி அரைச் சுற்று. டீசல் பீய்ச்சுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரயில் வண்டிகளில், அது தன் எல்லைக்கு மேல் அழுத்தம் போனால் விளக்கைப் போட்டு எஞ்சினை முடக்கிவிடும். சென்சாரை ஏமாற்றும் பெட்டிகள் விற்கிறார்கள். அதை மாட்டுவது, காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரிதான்.

சிங்கப்பூரில் இன்னொரு தடையும் உண்டு. எஞ்சினில் இப்படிக் கைவைக்க நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 10 வயது தாண்டிய சரக்கு வண்டி 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அங்கே சக்கரத்தை உருளையில் ஏற்றி, பாரம் கொடுத்து ஓடவிட்டுப் புகையை அளக்கிறார்கள். புகையின் அடர்த்தியைக் காட்டும் அளவில் எல்லை 40 எச்எஸ்யூ. 2014க்கு முன் அது 50 ஆக இருந்தது. வேகத்துக்காகத்தான் சக்தி என்றால் அதற்கும் வழியில்லை: பாரத்தோடு 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 கிலோமீட்டரில் பிடித்து நிறுத்துகிறது, 3,501 கிலோ முதல் உள்ள லாரிகளுக்கும் அந்தக் கட்டாயம் படிப்படியாக வருகிறது. பின்தட்டில் ஆட்கள் உட்கார்ந்து போகும் ஊரில் இது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஒரு சட்டம் மட்டும் மெக்கானிக்குக்குச் சங்கடம். பாரம் இழுத்து வந்த எஞ்சினைச் சட்டென்று அணைத்தால், கொதிக்கும் தண்டில் நிற்கும் எண்ணெய் கருகிப் படியும். அதனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பது ஊர் வழக்கம். இங்கே நிறுத்திய வண்டியை ஓடவிட்டால் அபராதம். “கடைசி ரெண்டு நிமிஷம் மிதிக்காம உருட்டிட்டு வா, அதுவே போதும்” என்றார்.

புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டு, இன்டர்கூலரைக் கழுவி மாட்டியதும், அதே சாலையில் அதே லோடோடு முள் மேனுவல் அளவைத் தொட்டது. ஓட்டுநரின் முகம் மலர்ந்தது. ஆனாலும் விடவில்லை.

“இப்ப ரெண்டு பிஎஸ்ஐ?”

“ஹெட் கேஸ்கட் போச்சுன்னா ஒங்க பாஸ் யாரைத் தேடுவாரு? ஒன்னையத்தான்.”

ஓட்டுநர் பில்லைப் படம் பிடித்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதில் உடனே வந்தது: நாலு மணிக்குள் துவாஸில் லோடு ஏற்ற வர முடியுமா?