பனிமலைப் பாதை – 3: பூட்ஸைக் கைவிடாதீர்கள்

ஸ்கீ பலகையை வாடகைக்கு எடுக்கலாம். கம்பு, ஹெல்மெட் எல்லாம் போன இடத்தில் கிடைக்கும். அவசரத்துக்கு நண்பரின் ஜாக்கெட்டைக்கூடப் போட்டுக்கொள்ளலாம். பூட்ஸ் மட்டும் அப்படியில்லை. சென்ற வாரம் லண்டனில் ஜெனீவாவுக்கு விமான டிக்கெட் எடுத்ததோடு நிறுத்தியிருந்தேன். அதன் பிறகு வீட்டில் நடந்த வாக்குவாதம் முழுக்க இந்த ஒரு ஜோடியைப் பற்றித்தான்: சரக்கறையில் போடுவதா, கையோடு கொண்டுபோவதா?

ஸ்கீ பூட்ஸைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய மெத்தென்ற லைனர். முன்பக்கம் நான்கு உலோகக் கொக்கிகள், அவற்றுக்கு மேலே ஒரு வெல்க்ரோ பட்டை. ஜோடி ஏறக்குறைய நான்கு கிலோ. ஒரு காலத்தில் இவை தோலில் செய்து நாடா போட்டுக் கட்டுபவையாகத்தான் இருந்தன. 1960-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரரான பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் தோல் ஒழிந்தது. தோல் நாள்பட நாள்படக் காலுக்கு இணங்கிவிடும். பிளாஸ்டிக் ஓடு தானாக இணங்காது. சூடேற்றி, இழுத்து, இணங்க வைக்க வேண்டும்.

என் பூட்ஸை லண்டன் கடைக்காரர் அப்படித்தான் இணங்க வைத்தார். நமக்குச் செருப்பிலேயே வளர்ந்த கால். விரல்கள் தாராளமாக விரிந்திருக்கும். ஐரோப்பியக் காலுக்கு வார்த்த ஓட்டுக்குள் நுழைத்ததும் சுண்டுவிரல் எலும்பு அலறும். அவர் பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, எலும்பு இடிக்கும் இடத்தில் பேனாவால் வட்டமிட்டு, அந்த இடத்தை மட்டும் சூடாக்கி உள்ளிருந்து வெளியே தள்ளினார். பாதத்தின் வளைவுக்கு ஏற்ப உள்ளே ஒரு தகடும் வைத்துக் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஜோடி என் காலுக்கு மட்டுமே. தொலைந்தால் அதே போல இன்னொன்றை ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வாக்குவாதத்தில் நான் ஜெயித்தது இதைச் சொல்லித்தான்.

அடுத்தது எடைக் கணக்கு. லுஃப்தான்சா, சுவிஸ் போன்ற நிறுவனங்களில் எகானமி பயணியின் கேபின் பைக்கு 8 கிலோ, 55 x 40 x 23 சென்டிமீட்டர்தான் வரம்பு. பூட்ஸே அதில் பாதியைத் தின்றுவிடும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 23 கிலோ வரை விடுகிறது. ஈசிஜெட்டில் இலவசமாகக் கொண்டுபோகும் சிறிய பையின் அளவு 45 x 36 x 20. அதற்குள் பெரியவர் பூட்ஸைத் திணிப்பது வீண் முயற்சி, பெரிய பைக்குக் காசு கட்டிவிடுவதே மேல். அமெரிக்க விமானங்களில் வேறொரு வழக்கம்: சரக்கில் போடும் ஸ்கீ பையையும் பூட்ஸ் பையையும் சேர்த்து ஒரே உருப்படியாகக் கணக்கிடுவார்கள். சலுகைதான், ஆனால் பூட்ஸ் பைக்குள் சட்டை துணிமணி இருந்தால் அந்தச் சலுகை செல்லாது என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

பை கட்டுவதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. கொக்கிகளைத் திறந்தபடி விடக்கூடாது. லேசாக மாட்டி வைத்தால்தான் ஓடு வடிவம் கெடாமல் இருக்கும், கொக்கியும் எதிலும் மாட்டி உடையாது. ஒன்றின் முனையும் மற்றதன் குதிகாலும் அருகருகே வருமாறு மாற்றி வைத்தால் பையில் இடம் மிச்சமாகும். பூட்ஸுக்குள் இருக்கும் பள்ளத்தை வீணாக்காதீர்கள். என் இடது பூட்ஸுக்குள் கையுறை, வலதுக்குள் காலுறையில் சுற்றிய பனிக்கண்ணாடி. சூடேற்றும் காலுறைக்கான உதிரி லித்தியம் பேட்டரிகள் எப்படியும் கேபினில்தான் வரவேண்டும். சரக்கில் போடக்கூடாது என்பது விமான விதி. கம்புகளுக்கு நேர் எதிர்: அவற்றைக் கேபினுக்குள் விடமாட்டார்கள்.

ஹீத்ரோவில் என் பை எக்ஸ்ரேக்குள் போனதும் பெல்ட் நின்றது. திரையில் கனத்த பிளாஸ்டிக்கும் உலோகக் கொக்கிகளும் சேர்ந்து கறுப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். பை தனி வரிசைக்குத் தள்ளப்பட்டது. அதிகாரி வலது பூட்ஸுக்குள் முழங்கைவரை விட்டுக் காலுறையை உருவினார், கண்ணாடி வந்தது. "எங்கே, ஆல்ப்ஸா?" என்று கேட்டுவிட்டு, அதே பொறுமையோடு திரும்பச் சொருகித் தந்தார். எனக்குப் பின்னால் ஒருவர் பூட்ஸைக் காலிலேயே மாட்டிக்கொண்டு ரோபோ நடை நடந்து வந்தார். பையில் இடம் மிச்சம், உண்மைதான். ஆனால் பூட்ஸின் அடிப்பாகம்தான் பலகையில் காலைப் பிடித்து வைக்கும் பைண்டிங்கோடு பொருந்துகிறது. விழும்போது பைண்டிங் சரியான நேரத்தில் காலை விடுவிக்காவிட்டால் முழங்கால் போய்விடும். அந்த அடிப்பாகத்தைத் தரையில் தேய்த்துத் தீர்க்கலாமா?

ஜெனீவாவில் இறங்கினால், குளிர்கால சனிக்கிழமைக்கே உரிய கூட்டம். இந்தப் பயணத்தில் என்னோடு சேர்ந்துகொள்ளும் நண்பர் மான்செஸ்டரிலிருந்து நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறி வந்து சேர்ந்தார். அவருடைய பூட்ஸ் வந்து சேரவில்லை. பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்த பிறகு, கவுன்டரில் புகார்ப் படிவம் எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாள் முக்கியம். அதன் எண் இல்லாமல் பிறகு எதுவும் நடக்காது. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, 21 நாட்களுக்குள் வராத பையைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம். 2024 டிசம்பர் 28 முதல் அதன் உச்சவரம்பு பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சுமார் 2,000 டாலர். பை உடைந்து வந்திருந்தால் 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பணம் வரலாம். ஆனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நண்பரின் கால் எதற்குள் போகும்?

விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம். அங்கே ரயிலேறினோம். வலப்பக்கம் ஜெனீவா ஏரி கூடவே வந்தது. பிறகு ரோன் பள்ளத்தாக்கு. ஃபிஸ்ப் நிலையத்தில் மாறி, 1891-இல் திறந்த மலைப்பாதையில் சிவப்பு ரயிலேறினால் கடைசி நிலையம் நாங்கள் தங்கப்போகும் ஸெர்மாட், 1,600 மீட்டர் உயரத்தில். பெட்ரோல் கார்கள் நுழைய முடியாத ஊர். பையை முதுகில் போட்டுக்கொண்டு விடுதிக்கு நடந்தோம்.

பூட்ஸைப் படிக்கட்டுக்குக் கீழே, சூடேற்றாத கொட்டகையில் வைத்தேன். விடுதிச் சமையலறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், போர்க்காலத்தில் சுவிஸ் வந்து, உணவக, விடுதி வேலைகளில் காலூன்றிய தலைமுறையில் ஒருவர். "தம்பி, இதைக் கீழை வச்சிட்டுப் போகாதேங்கோ. விடியக் கல்லு மாதிரி இறுகிப்போகும், கால் உள்ளுக்கை போகாது" என்றார். "லைனரை இழுத்தெடுத்து ஹீற்றருக்குக் கிட்ட வையுங்கோ. ஹீற்றருக்கு மேலை வையாதேங்கோ, பழுதாப்போம்." "சரிங்கண்ணா" என்று இரண்டையும் அறைக்குத் தூக்கிப் போனேன்.

காலையில் வாடகைக் கடையில் என் வேலை சீக்கிரம் முடிந்தது. வயது, உயரம், எடை, திறமை கேட்டார்கள். பூட்ஸின் குதிகாலருகே அச்சிட்டிருந்த மில்லிமீட்டர் அளவைப் பார்த்து பைண்டிங்கை முடுக்கினார்கள். பலகை என்னுடையதில்லை என்பது அரைமணியில் மறந்துபோனது. நண்பர் வாடகை பூட்ஸோடு மதியத்துக்குள் கொக்கிகளைத் தளர்த்திக்கொண்டு காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பை வந்தது, ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள்.

ஸ்கீக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பலகையைச் சரக்கில் போடுங்கள், அல்லது அங்கேயே வாடகைக்கு எடுங்கள். டிக்கெட் வாங்கும்போதே கேபின் பையின் எடையையும் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். துணிமணியைக் குறைத்தாவது பூட்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த வாரம் ஸெர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் மலை ரயிலில் 3,089 மீட்டருக்கு ஏறுவோம்.