கோள் சொல்லும் கை

ஹைதராபாத் மௌலா அலி குன்றின் கதையில் ஆள் யாகூத் என்றாலும் கதாநாயகன் ஒரு கைதான். 1578இல், சுல்தான் இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில், அரண்மனைப் பணியாளரான யாகூத் உடம்பு சரியில்லாமல் லாலாகுடாவில் தங்கியிருந்தாராம். கனவில் பச்சை உடுத்திய ஒருவர் வந்து, "மௌலா அலி கூப்பிடுகிறார்" என்று குன்றின்மேல் அழைத்துப் போனார். அங்கே அலி ஒரு பாறைமேல் கையை வைத்தபடி அமர்ந்திருந்தார். விடிந்ததும் ஏறிப் போய்ப் பார்த்தால், பாறையில் கைத்தடம்! அதைப் பெயர்த்தெடுத்து ஒரு வளைவில் பதித்தார்கள், தர்கா எழுந்தது.

பக்தர்களுக்கு அந்தக் கை அருள். எனக்கோ வயதாகிவிட்டது. நோயாளி, கலைந்த தூக்கம், கை என்று வரிசையாகக் கேட்டதும் புத்தி இ.சி.ஜி. பக்கம் ஓடுகிறது. குன்றேறியும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாகூத்தின் இதயத்தில் கோளாறில்லை என்று முடிவுகட்டியிருக்கிறேன்.

மேடேறுவதுதான் பழைய சோதனை. 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஓர் உரையில் ஒரு நெஞ்சுவலியை விவரித்தார். நடக்கும்போது, அதிலும் சாப்பிட்ட கையோடு மேடேறும்போது நெஞ்சை நெரிக்கும்; நின்றால் விட்டுவிடும்; சிலருக்கு இடது கைக்கும் இறங்கும். ஸ்டெதாஸ்கோப்பே வராத காலம். நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டே இவ்வளவும் கண்டுபிடித்தார். அதே 1768இல் பிறந்தவர்தான் மௌலா அலி குன்றடியில் அடக்கமாகியிருக்கும் உருதுக் கவிஞர் மஹ் லகா பாய். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படியேறும்போது மூச்சு வாங்க நிற்பவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

இதயம் வலித்தால் கை ஏன் கோள் சொல்கிறது? இரண்டிலிருந்தும் வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதிக்குத்தான் வந்து சேர்கின்றன. மூளை ஆள்மாறாட்டம் செய்துவிடுகிறது. எங்கள் காலனியில் அந்தக் கைவலிக்கும் தைலம்தான். தோளைத் தேய்த்துக்கொண்டே, "கேஸ்தான், சோடா குடிச்சா போயிடும்" என்பார்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்றால் நம்பமாட்டார்கள்.

கையைத் தூக்கினால், கழுத்தைத் திருப்பினால் கூடும் வலி பெரும்பாலும் தசையோ கழுத்தெலும்போதான். டாக்டரைச் சாவகாசமாகப் பார்க்கலாம். நடந்தால் வந்து நின்றால் போகும் வலிக்கு நாள் கடத்தக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்து சில நிமிடங்களில் அடங்காவிட்டால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 108. படபடப்போடு மயக்கம் வந்தாலும் அதே எண்தான்.

ராத்திரி இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் துடிப்பு காதில் கேட்கும். ஒன்று தவறும், அடுத்தது ஓங்கி அடிக்கும். நல்ல இதயத்திலும் இது உண்டு. அடிக்கடி வந்தாலோ, தாளமே இல்லாமல் நீடித்தாலோ இ.சி.ஜி. எடுக்கவேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கேட்டைக் கவனிக்காமல் விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர்களுக்கு இந்தத் தாளக்கேடு வரும் வாய்ப்பு அதிகம். தூக்க மாத்திரை கேட்குமுன், பக்கத்தில் படுப்பவரிடம் குறட்டையைப் பற்றி விசாரிப்பது நல்லது.

108 சேவை 2005 ஆகஸ்ட் 15இல் தொடங்கியதே இந்த ஹைதராபாத்தில்தான். இருந்தும், ஆம்புலன்ஸ் வந்தால் காலனியே கூடிவிடும் என்று கூச்சப்பட்டு ஆட்டோ தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் "ஒண்ணுமில்லை" என்றால், வீடு திரும்பி "தண்டச் செலவு" என்று ஒரு வாரம் புலம்பல். ஒன்றுமில்லை என்பதைவிட உருப்படியாக எதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்களாம்?