பையன்களுக்கும் சொல்லுங்கள்!



இந்த மலருக்குக் கவிதை கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் யாரும் எழுத மாட்டேங்குற விஷயம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் குழு வெட்டாமல் விட்டால் நன்றி.

நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் டீச்சர் நடத்தினார். அதிலும் பாதி, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்". மீதிப் பாதியில்தான் அது இருந்தது. பெண்ணின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். ஆணின் விந்தணுக்களில் ஏறக்குறைய பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண் குழந்தை, ஒய் சேர்ந்தால் ஆண்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். "மூணும் பொட்டையாப் பெத்துப் போட்டவ" என்று அப்பாயி அம்மாவைச் சொல்லாத நாள் கிடையாது. நான் பிறந்து பதினைந்து நாள் வரை அப்பா வந்து பார்க்கவில்லையாம். அவருக்கு இன்னொரு கல்யாணம் பேசியது ஊருக்கே தெரியும். அம்மா கைநாட்டு. எதிர்த்துச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஒரு வண்டினத்தை ஆராய்ந்து, விந்தணுதான் இதைத் தீர்மானிக்கிறது என்று 1905-லேயே கண்டறிந்துவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. எங்கள் ஊர் பஸ்கூட இவ்வளவு லேட் இல்லை! இந்த அறியாமையோடு வறுமையும் வரதட்சணையும் சேர்ந்துதான், பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டமும் இயற்றினார்கள்.

அன்று ராத்திரி அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத உங்கப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

டிப்ளமோ சேர்ந்த பிறகு நான்தான் சொன்னேன். அப்பாமேல் பழி போடவில்லை, எந்த அணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லையே. "அப்படியா" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் இப்போது அப்பாயி ஆரம்பித்தால், திண்ணையிலிருந்து "சும்மா இரு ஆத்தா" என்று குரல் வருகிறது.

நம் செஞ்சுருள் சங்கக் கூட்டத்தில் எச்.ஐ.வி.யோடு இதையும், இருபாலரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். மெக்கானிக்கல் அண்ணன்கள் பின்பெஞ்சில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மைதானத்துக்குப் போகாமல் இருந்தால் சரி.