வீட்டிற்குள் வந்த திருடன் யார்?



உங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், முதலாவது உங்கள் மனக்கண்முன் வருவது அந்தப் பொருள் இருந்த இடமா, அல்லது ஒரு மனிதருடைய முகமா? அவசரப்பட்டுப் பதில் சொல்லவேண்டாம். இதே கேள்விக்கு 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் என் வீட்டில் நான் கொடுத்த பதிலை முதலாவது கேளுங்கள்.

திருவனந்தபுரத்தில் நாங்கள் குடியிருப்பது கரமனைக்கு அப்பால் ஒடுக்கமான ஒரு சந்தில் உள்ள வாடகை வீடு. முன்புறம் இரும்புக் கிரில் போட்ட திண்ணை. பின்புறம் அடுக்களைக் கதவு. மழைக்காலத்தில் மரம் ஊறிவிட்டால் அதன் தாழ்ப்பாள் சரியாக விழாது. நம்முடைய விசுவாசக் குடும்பங்களில் பொன் அணிகிற வழக்கம் இல்லாதபடியினால், “நம் வீட்டில் நுழைகிற திருடன் நமக்காகப் பரிதாபப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுப் போவான்” என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வேடிக்கைப் பேச்சு அந்த மாதத்தோடு நின்றுபோயிற்று.

முதலாவது என் மூக்குக்கண்ணாடி காணப்படவில்லை. பிரசங்கக் குறிப்பு எழுதுகிற மேசையில் வைத்தது. வயதாகிறது, மறந்து எங்காவது வைத்திருப்பேன் என்று எண்ணினேன். அடுத்த வாரம் டார்ச் விளக்கு. அதற்குப்பின் என் மனைவியின் கைக்கடிகாரம்; எங்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாளில் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்தது. இவைகளெல்லாம் போகட்டும். ஒரு திங்கட்கிழமை காலையில் பீரோவைத் திறந்தபோது காணிக்கை உறையைக் காணவில்லை. பெயின்ட் வேலைக்குச் சென்ற நம் சபைச் சகோதரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். அவருடைய ஆபரேஷனுக்காக விசுவாசிகள் கொடுத்த 18,600 ரூபாய் அந்த உறையில் இருந்தது. சபைப் பொருளாளர் எண்ணி, உறையின்மேல் கையொப்பமிட்டு, என் கையில் கொடுத்திருந்தார். பீரோ பூட்டியிருந்தது உண்மை. அதன் சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியதும் உண்மை.

ஒரு போதகனுடைய வீட்டில் காணிக்கைப் பணம் காணாமற்போவது என்றால் என்னவென்று நீங்கள் அறிவீர்கள். திருடன் அகப்படாவிட்டால் திருடன் யார் என்று சபை தனக்குள்ளே கேட்டுக்கொள்ளும். எனக்கு அன்று அடிவயிறு கலங்கிற்று.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் கள்ளர் பயமும் இருந்தது. இரண்டு சந்து தள்ளி, பூட்டியிருந்த ஒரு வீட்டின் பின்கதவை யாரோ நெம்பிப் பார்த்தார்கள் என்ற பேச்சு உலாவியது. இரவு உணவு நேரத்தில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இந்த நகரத்தாருக்கு அந்தப் பயம் புதியதல்ல. 2013 ஜனவரியில், பாதுகாப்புக் கருவிகள் பொருத்தியிருந்த ஒரு வீட்டிற்குள்ளேயே ‘பண்டி சோர்’ என்று பெயர்பெற்ற தேவிந்தர் சிங் புகுந்து காரையும் ஓட்டிச் சென்றான். காமிராவில் பதிந்த முகத்தைக்கொண்டு சில நாட்களில் அவனைப் புனேயில் பிடித்தார்கள்; 2017இல் நீதிமன்றம் பத்தாண்டு தண்டனை விதித்தது. அவனாவது மெய்யான திருடன். 2018இன் தொடக்கத்தில் கேரளமெங்கும் வீட்டு ஜன்னல்களில் கறுப்பு ஸ்டிக்கர்கள் காணப்பட்டு, பிள்ளை பிடிக்கிறவர்கள் அடையாளமிட்டுப் போகிறார்கள் என்ற வதந்தி பரவியது நினைவிருக்கிறதா? கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாதபடி வியாபாரிகள் ஒட்டுகிற சிறு துண்டுகள் அவை என்று காவல்துறை விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று. அதற்குள் தெருவில் பிச்சையெடுத்தவர்களும் பிறமாநிலத்தாரும் சில இடங்களில் அடிபட்டுவிட்டார்கள்.

பயம் எப்பொழுதும் அந்நியனுடைய பக்கமாகவே விரலை நீட்டும். பிழைப்பைத் தேடி இங்கே வந்திருக்கிற தமிழராகிய நாம் இதை அறியாதவர்களா? 1956 வரை கன்னியாகுமரிச் சீமையும் இந்த நகரமும் ஒரே ஆளுகைக்குள் இருந்தவை. ஆனாலும் ஒரு தெருவில் திருட்டுப் போனால், பழைய இரும்பு வாங்க வருகிற நம்மவன் இரண்டு நாளைக்கு அந்தத் தெருவிற்குள் போகத் தயங்குகிறான். 2024 நவம்பரில் ஆலப்புழைப் பக்கத்தில் ‘குறுவா சங்கம்’ என்ற பீதி எழும்பியபோது, நம் சபையில் கட்டட வேலைக்குப் போகிற சகோதரர்கள் இருட்டுமுன்னே அறைக்குத் திரும்பினார்கள்.

இவ்வளவையும் அறிந்த நான், அந்தத் திங்கட்கிழமை யாருடைய முகத்தை நினைத்தேன் என்று சொல்லட்டுமா?

எங்கள் வீட்டில் பெருக்கித் துடைத்து, என் மனைவிக்குச் சமையலில் ஒத்தாசை செய்ய ஒரு சகோதரி வருவாள். நம் சபை விசுவாசிதான். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவன் கைவிட்டவள், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். நான்கு ஆண்டுகளில் ஒரு ஸ்பூன் குறைந்ததில்லை. வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்த எனக்கு அன்று யோசுவாவின் புத்தகத்து ஆகான்தான் ஞாபகத்திற்கு வந்தான். பாளயத்திற்குள்ளே சாபத்தீடானது ஒளிந்திருக்கிறது என்று எண்ணினேன். ‘பீரோ இருக்கும் அறைக்குள் யார் யார் போகிறார்கள்?’ என்று கணக்குப் போட்டேன். நான், மனைவி, எண்பத்தொரு வயதான என் தாயார், பிறகு அவள். கணக்கு எத்தனை சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள்.

அவளைக் கூப்பிட்டேன். குரலை உயர்த்தவில்லை. “அம்மா, நேற்று அந்த அறையைப் பெருக்கினாயா? பீரோப் பக்கம் ஏதாவது உறை கிடந்ததா?” என்று மாத்திரம் கேட்டேன். நான் கேட்டது கேள்விதான், குற்றச்சாட்டு அல்ல என்று அப்பொழுது என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவள் பதில் சொல்லவில்லை. திண்ணைக்குப் போய், தன் துணிப்பையை எடுத்துவந்து, என் கால்களுக்கு முன்பாகத் தரையில் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, பேருந்துச் சீட்டுகள், அட்டை கிழிந்த புதிய ஏற்பாடு. பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே வைத்துக்கொண்டு, “ஸ்தோத்திரம் பாஸ்டர்” என்று சொல்லிப் போனாள். மறுநாள் வரவில்லை.

இங்கே உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் நான் சகோதரிகள் கூட்டத்தில் பேரூர்க்கடை சம்பவத்தைக் குறித்து மிகுந்த வைராக்கியத்தோடு பேசியிருந்தேன். 2025 ஏப்ரல் 23ஆம் தேதி, அம்பலமுக்கில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தலித் பெண் ஒருவர்மேல், இரண்டரைப் பவுன் மாலையைத் திருடினாள் என்று வீட்டார் புகார் கொடுத்தார்கள். பேரூர்க்கடைக் காவல்நிலையத்தில் ஏறக்குறைய இருபது மணிநேரம் அவரை வைத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது குளியலறையில் போய்க் குடிக்கச் சொன்னார்கள் என்றும், தன் பெண்பிள்ளைகளையும் வழக்கில் சேர்ப்பதாக மிரட்டினார்கள் என்றும் அவர் பின்னர் சொன்னார். மாலையோ, அந்த வீட்டிலேயே கிடைத்துவிட்டது. மே மாதத்தில் செய்தி வெளியானபின்பு சப்-இன்ஸ்பெக்டர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்; வழக்கு குற்றப்பிரிவு விசாரணைக்குப் போயிற்று. அந்தக் கூட்டத்தில், “இப்படிப்பட்ட கடின இருதயமுள்ளவர்கள் நம்மில் உண்டோ?” என்று நான் கேட்டபோது, என் எதிரே பாயில் உட்கார்ந்து கேட்டவர்களில் அவளும் ஒருத்தி.

(வீட்டு வேலைக்குப் போகிற நம் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை: சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும்வரை ஒரு பெண்ணைக் கைது செய்யக்கூடாது, விசேஷித்த காரணம் இருந்தால் பெண் காவல் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றே செய்யவேண்டும். சாட்சி விசாரணைக்காக ஒரு பெண்ணை அவள் குடியிருக்கும் இடத்தைவிட்டு வேறிடத்திற்கு வரும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதிகள் இருக்கின்றன. இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.)

பன்னிரண்டு நாள் சென்றது. என் சொந்தப் பணத்திலும் மைத்துனரிடம் வாங்கிய கடனிலும் 18,600 ரூபாயைச் சேர்த்து ஆஸ்பத்திரியில் கட்டினோம். தாழ்ப்பாளை மாற்றினேன். காவல்துறையின் ‘போல்-ஆப்’ செயலியில், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வசதி உண்டு என்று ஒரு வாலிபச் சகோதரன் சொல்ல, அதையும் கைபேசியில் ஏற்றிக்கொண்டேன். அவள் வராதபடியினால் என் மனைவியே எல்லா வேலையையும் செய்தாள். மாதக் கடைசி, அரிசி டிரம் அடிமட்டத்திற்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் படியை விட்டு அரிசி அளந்தவள், “இங்கே வாருங்களேன்” என்று கூப்பிட்டாள். கைக்குட்டையில் சுற்றிய கடிகாரம். அதற்கடியில், பாலித்தீன் உறையில் மடித்து, பொருளாளருடைய கையொப்பம் அழியாமல், அந்தக் காணிக்கை உறை.

என் தாயார் அடுக்களை வாசலில் நின்று சிரித்தார்கள். “கள்ளன் அரிசிக்குள்ளே கையை விடுவானா?” என்று கேட்டார்கள். ஒவ்வொரு இரவும் மேசையில் நாங்கள் பேசின பேச்சை, கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். நம் பொருள்களைத் தாம் காப்பாற்றவேண்டும் என்று தீர்மானித்து, முழங்கை மட்டும் கையை விட்டு அரிசிக்குள் புதைத்திருக்கிறார்கள். பிறகு, புதைத்ததையே மறந்துபோனார்கள். அரிசிக்குள் இருந்ததைக் கண்டவுடன் அது ஞாபகத்திற்கு வந்திருக்கிறது. டார்ச் விளக்கு அவர்களுடைய தலையணை உறைக்குள் இருந்தது. மூக்குக்கண்ணாடி பழைய டிரங்குப் பெட்டியில், என் தகப்பனாருடைய வேட்டிக்கு நடுவே.

மருத்துவரிடம் அழைத்துப்போனோம். டிமென்ஷியா என்னும் மறதி நோயின் தொடக்கம் என்றார். பொருள்களை ஒளித்துவைப்பதும், மறந்துவிடுவதும், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்வதும் அதன் வழக்கமான அடையாளங்களாம். 1901இல் பிராங்க்பர்ட் நகரத்தில் மருத்துவர் அல்சைமர் கண்ட முதல் நோயாளியாகிய பெண்மணியும் பொருள்களைத் தூக்கிக்கொண்டு நடந்து ஒளித்துவைத்தவர்தான் என்று பின்னர் வாசித்தேன். 2023இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் தேசத்தில் அறுபது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல், ஏறக்குறைய 88 லட்சம் பேர், இந்த நோயோடு வாழ்கிறார்கள். ஊரிலிருந்து தாய் தகப்பனை அழைத்துவந்து நகரத்தில் வைத்திருக்கிறவர்களே, புது வீடும் புதுச் சத்தங்களும் அவர்களை இன்னும் குழப்புகின்றன என்பதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம். இப்பொழுது குப்பைக்கூடையைக் கொட்டுமுன் ஒருமுறை துழாவிப் பார்க்கிறோம். சாவிக்கும் கண்ணாடிக்கும் ஒரு ஜோடி அதிகமாக வைத்திருக்கிறோம். ‘நீங்கள்தான் எடுத்தீர்கள்’ என்று அவர்களோடு வழக்காடுகிறதில்லை. கள்ளர் பேச்சை வீட்டில் முற்றிலும் நிறுத்திவிட்டோம்.

நான் ஆகானை நினைத்தேன் என்றேனே, உண்மையில் நினைத்திருக்க வேண்டியது ராகேலை. லாபான் கூடாரம் கூடாரமாகத் தேடினபோது, காணாமற்போனது அவளுக்குக் கீழே ஒட்டகச் சேணத்திற்குள் இருந்தது (ஆதியாகமம் 31). லூக்கா 15இல் வெள்ளிக்காசைத் தொலைத்த ஸ்திரீயைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். விளக்கைக் கொளுத்தினாள், வீட்டைப் பெருக்கினாள், கண்டுபிடித்தபிறகே அயல்வீட்டுக்காரிகளை அழைத்தாள். தேடுமுன் அவள் ஒருத்தியையும் கூப்பிட்டு விசாரித்ததாக அங்கே இல்லை. நானோ, பெருக்க வருகிறவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். வீட்டை நான் பெருக்கிப் பார்க்கவேயில்லை.

அன்று மாலையே நானும் என் மனைவியும் அவள் குடியிருக்கும் ஒற்றை அறைக்குப் போனோம். முழங்கால்படியிட்டு ஜெபிக்கலாம் என்று நான் ஆரம்பித்தபோது, “முதலில் உட்காருங்கள் பாஸ்டர்” என்று நாற்காலியைப் போட்டாள். மன்னிக்கும்படி கேட்டேன். அவள் சொன்னாள்: “நீங்கள் கேட்டதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பையைக் காட்டு என்று நீங்கள் சொல்லவுமில்லை. சொல்லுமுன்னே என் கை போய்விட்டதே, அதை நினைத்துத்தான் வீட்டில் வந்து அழுதேன். இதற்கு முன் வேலைபார்த்த வீடுகளிலெல்லாம் அப்படித்தான் பழக்கம். பாஸ்டர் வீட்டில் அது வேண்டியிருக்காது என்று இருந்தேன்.” என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை செய்திக்கு முன்பாக, காணிக்கை உறை எங்கே கிடைத்தது, அதற்கு முன் நான் யாரைக் கேட்டேன் என்பதைச் சபைக்கு அறிவித்தேன். விஷயம் ஏற்கெனவே இரண்டு மூன்று வீடுகளுக்குப் போயிருந்தபடியினால் இரகசியமாய் மன்னிப்புக் கேட்டது போதாது என்று பட்டது.

செப்டம்பர் நடுவில் அவள் மறுபடியும் வேலைக்கு வந்தாள். என் தாயார் எதை எங்கே ஒளிக்கிறார்கள் என்று எங்கள் எல்லாரையும்விட அவளுக்கே இப்பொழுது நன்றாகத் தெரியும். என் கண்ணாடியை இரண்டுமுறை கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறாள். காலையில் வந்ததும் முன்கதவைத் தாண்டுமுன், துணிப்பையைத் திண்ணையின் கிரில்லில் மாட்டிவிட்டு உள்ளே வருகிறாள். மழைநாளில்கூட அப்படியே. உள்ளே கொண்டுவா என்று என் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். “இருக்கட்டும் அக்கா, அங்கேயே இருக்கட்டும்” என்கிறாள்.