முடிக்கப்படாத கோயிலின் சுவர்



கடந்த பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் மகிழுந்திலேயே சில நாள்கள் சுற்றி வந்தோம். இஸ்தான்புல் நகரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். ஆதலால், நாட்டுப்புறச் சாலைகளில் நாங்கள் கண்ட மூன்று பழைய ஊர்களைப் பற்றி மட்டும் இங்கு எழுத விழைகின்றேன். என்னை எழுதத் தூண்டியது அவ்வூர்களின் அழகு மட்டுமன்று. நெடுநாளாக என் மனத்தில் கிடந்த ஒரு பாரமும்தான்.

இஸ்மீர் நகரில் சிறிய மகிழுந்து ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய என் கணவருக்கு வலப்பக்கம் ஓட்டுவது பெருஞ்சோதனையாக அமைந்தது. திரும்பும்போதெல்லாம் விளக்கு எரிவதற்குப் பதிலாகக் கண்ணாடித் துடைப்பான் ஓடியது. ஒரு துளி மழையும் இல்லாத வெயிலில் நாங்கள் துடைப்பானை ஓடவிட்டுச் செல்வதைக் கண்டு, சாலையோரத்தில் பழம் விற்றவர்கள் சிரித்தனர். “நீங்கள் சாலையைப் பாருங்கள்” என்று நானும், “நீ வரைபடத்தைப் பார்” என்று அவரும் மாறி மாறிக் கடிந்து கொண்டே சென்றோம். முப்பது ஆண்டு இல்லறத்தில் இது புதிதன்று!

செல்சுக் என்னும் சிற்றூரில், பழங்கால நீர்ப்பாலத்தின் தூண்கள்மீது நாரைகள் கூடு கட்டியிருந்தன. அதனைக் கடந்து சோகே சமவெளியை அடைந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்தி வயல்கள். அச்சமவெளியில் வளைந்து நெளிந்து ஓடுகின்றது பெரிய மெந்தெரேசு ஆறு. ஆற்றின் வளைவைக் குறிக்கும் ‘மியாண்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லே இவ்வாற்றின் பழைய பெயரிலிருந்துதான் பிறந்தது.

முதலில் பிரியேன். மலைச்சரிவில் அமைந்த ஊர். ஆயினும் தெருக்கள் யாவும் கணித ஏட்டின் கட்டங்களைப் போல் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. சரிவான இடங்களில் தெருவே படிக்கட்டாக மாறிவிடுகின்றது. ஏதீனா கோயிலின் தூண்களுள் ஐந்து மீண்டும் நிமிர்த்தி வைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து கீழே நோக்கினால் பருத்தி வயல்கள்தாம் தெரிகின்றன. ஒரு காலத்தில் அவ்விடமெல்லாம் கடலாக இருந்தது. ஆறு கொண்டு வந்த வண்டல் சிறிது சிறிதாகக் கடலைத் தூர்த்துவிட்டது.

அடுத்து மிலேத்தசு. அறிஞர் தேலீசு கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஊர் இது. நான்கு துறைமுகங்கள் இருந்த இவ்வூரிலிருந்து கடல் இன்று பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஏறத்தாழ 15,000 பேர் அமரக்கூடிய கல் அரங்கின் உச்சிப் படியில் நாங்கள் இருவர் மட்டுமே அமர்ந்திருந்தோம். கீழே சதுப்பு நிலத்தில் தவளைகள் கத்திக் கொண்டிருந்தன.

அருகிலிருந்த சிற்றுண்டிச் சாலையில் ஒரு மூதாட்டி எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். மொழி தெரியாமல் கையசைத்துப் பேசிக் கொண்டிருந்தோம். திடீரென்று, “தூன்யா” என்று சொல்லிக் கைகளை அகல விரித்தார். உலகம்! மலாய் மொழியில் நாம் ‘டுனியா’ என்கின்றோம் அல்லவா? “சாபுன்”, “கிதாப்” என்று என் கணவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தலையாட்டிச் சிரித்தார். அரபு மொழிச் சொற்கள் துருக்கிக்கும் மலாய்க்கும் பொதுவாக இருப்பது அன்று எங்களுக்குப் பாலமாக அமைந்தது.

மாலையில் திதிமாவை அடைந்தோம். மிலேத்தசிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. அங்குள்ளது அப்பல்லோவின் குறி சொல்லும் கோயில். பழைய கோயிலைப் பாரசீகர்கள் அழித்தபின், அலெக்சாந்தரின் காலத்திற்குப் பிறகு புதிய கோயில் எழுப்பப்பட்டது. பல நூற்றாண்டுகள் வேலை நடந்தும் அது முடிவு பெறவேயில்லை. ஏறக்குறைய 20 மீட்டர் உயரமுள்ள மூன்று தூண்கள் மட்டும் இன்று முழுமையாக நிற்கின்றன. சில தூண்களில் வரிப்பள்ளங்கள் செதுக்கப்படாமல் வெறுமையாகவே விடப்பட்டுள்ளன.

இருள் சூழ்ந்த, சரிவான குகைவழி ஒன்றில் குனிந்து நடந்து உள்முற்றத்தை அடைந்தோம். அதன் சுவர்களில்தான் அந்த வியப்பு உள்ளது. 1979ஆம் ஆண்டில் லோதர் ஆசெல்பெர்கர் என்னும் ஆய்வாளர், அச்சுவர்களில் மயிரிழை போன்ற கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். அவை அக்கோயிலின் கட்டட வரைபடங்கள்! தூணின் பருமனை உள்ளது உள்ளவாறும், உயரத்தைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கியும் வரைந்து, தூண் நடுவில் எவ்வளவு புடைக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். கட்டடம் முடிந்ததும் சுவரை இழைத்து மெருகூட்டுவது வழக்கம். அவ்வாறு செய்திருந்தால் இக்கோடுகள் யாவும் அழிந்து போயிருக்கும். கோயில் முடியாமல் போனதால்தான் அவை தப்பிப் பிழைத்தன.

சாய்வெயில் சுவரில் பட்டபொழுது ஓரிரு கோடுகள் எனக்கும் தெரிந்தன போலிருந்தது. அப்பொழுதுதான் அந்தச் சிறுவனின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான்காம் ஆண்டில் என்னிடம் பயின்றவன். அவன் கட்டுரை ஏட்டில் அடித்தலும் திருத்தலும் அம்புக்குறிகளும் நிறைந்திருக்கும். மேற்பார்வைக்கு ஏடுகள் செல்லவிருந்த ஒரு நாள், “இது என்ன ஏடா, குப்பையா?” என்று கேட்டு, வகுப்பின் முன்னிலையில் நான்கு பக்கங்களைக் கிழித்தேன். அவன் அழவில்லை. அதன்பின் தூய்மையாகவே எழுதினான். ஆனால் ஐந்தே வரிகள். அடிக்க வேண்டியிராத, தவறு நேர வாய்ப்பில்லாத ஐந்து வரிகள். “டீச்சர், இவன் வீட்டில் கதை கதையாக எழுதுவான், இப்பொழுது எழுதுவதே இல்லை” என்று அவன் தாயார் ஒருமுறை வந்து சொன்னார். நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். கிழித்ததைப் பற்றிச் சொல்லவில்லை.

இதனை முதன்முதலாக என் கணவரிடம் அந்த முற்றத்தில் அமர்ந்துதான் சொன்னேன். அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் சுவரையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, “நானும் கிழித்திருக்கின்றேன்” என்றார். அவ்வளவுதான். வாயில் அடைக்கும் நேரமாகிவிட்டதென்று காவலர் அழைக்கும் வரை இருவரும் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியதும் என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். ஒவ்வொரு மாணவருக்கும் கட்டுரை ஏட்டுடன் இன்னோர் ஏடும் உண்டு. அதில் அடிக்கலாம், திருத்தலாம், அம்புக்குறி போடலாம். நான் அதற்குப் புள்ளி இடுவதில்லை, ஆனால் படிக்கின்றேன். ஒரு பிள்ளை ஒரு சொல்லை மூன்று முறை அடித்துவிட்டு நான்காவது சொல்லைத் தேர்ந்தெடுத்திருப்பதைக் காணும்பொழுது, அப்பிள்ளையின் சிந்தனை நடந்து வந்த வழி எனக்குத் தெரிகின்றது. தூய்மையான படியில் அது தெரிவதில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் ஏட்டில் அடித்தல் திருத்தலைக் கண்டால் உடனே அழிப்பானைத் தேடாதீர்கள். ‘இதை ஏன் மாற்றினாய்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்த மாணவன் இப்பொழுது இருபத்தைந்து வயது இளைஞனாக எங்கோ இருப்பான். அவன் இதனைப் படிக்க நேர்ந்தால், அந்த நான்கு பக்கங்களுக்காக அவனிடம் மன்னிப்பு வேண்டுகின்றேன்.